ஸ்டெல்லாவின் கயிறு யார் கையில்?

"இடது! இடது பக்கம் போயேன், சனியனே!"

வில்பிரட் மச்சாது ரேடியோப் பெட்டியின் விசையைக் கட்டைவிரல் வெளுத்துப்போகும்வரை இடது பக்கம் அழுத்தினார். வானத்தில் இருந்த விமானம் வலது பக்கம் திரும்பியது. திரும்பியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மூக்கைத் தாழ்த்திக்கொண்டு நேராக மேடையை நோக்கிப் பாய்ந்தது.

ஐந்தடி அகல இறக்கை. குளவிக் கூட்டில் யாரோ கல்லெறிந்தது போன்ற இரைச்சல். மேடையில், சென்னையிலிருந்து வந்த பெரிய அதிகாரி முந்திரி மக்ரூன் இனிப்பை வாயருகே கொண்டுபோன நிலையில் நிமிர்ந்தார். அவருடைய கண்மட்டத்துக்கு நேராக ஒரு விசிறி சுழன்றபடி வந்துகொண்டிருந்தது.

"பெரியோர்களே, தாய்மார்களே! பதறவேண்டாம், இதுவும் நிகழ்ச்சியின் ஒரு பகுதியே!" என்று மைக்கில் முழங்கினார் பொழுதுபோக்குக் கழகத்தின் செயலாளர் ஜெயசிங். முழங்கிவிட்டு முதல் ஆளாக மேசைக்கு அடியில் புகுந்தார். மைக்கையும் கூடவே கொண்டுபோய்விட்டதால், அங்கே அவர் செய்த ஜெபம் உப்பளம் முழுக்கக் கேட்டது.

விமானத்தை அப்படியே அதிகாரியின் மூக்குக்கு இருபதடி தூரத்தில் நிறுத்தி வைப்போம். அது அங்கே வந்து சேர்ந்த கதை பதின்மூன்று வருடத்துக் கதை.

வில்பிரட் கப்பலில் வயர்லெஸ் ஆபீசராக இருந்தவர். வருடத்தில் பத்து மாதம் கடல், இரண்டு மாதம் தூத்துக்குடி. 1963இல் சிங்கப்பூரிலிருந்து ஒரு மாடல் விமானம் வாங்கி வந்தார். பால்சா மரச்சட்டம், மேலே பட்டுத்துணி, கைக்குள் அடங்கும் இன்ஜின். தரையில் நின்று பெட்டியின் விசைகளை அழுத்தினால், மேலே அது திரும்பும், ஏறும், இறங்கும். ஒன்று கெட்டால் ஒன்று இருக்கட்டும் என்று ஒரே மாதிரி இரண்டு பெட்டிகள். இறக்கையில் தன் கையாலேயே 'ஸ்டெல்லா' என்று பெயர் எழுதினார்.

பறக்கவிடப் போகிற அன்று ஒரு பிரச்சினை வந்தது. பெட்டியை யார் பிடிப்பது?

வேறு ஊராக இருந்தால் காசு கொடுத்து வாங்கியவன் பிடிப்பான். ஆனால் வில்பிரட்டின் அப்பா முத்துக் குளித்தவர். கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றை மேலே தோணியில் இருந்து பிடிக்கிறவன் அவன் மச்சானாகத்தான் இருக்கவேண்டும், அதாவது பெண்டாட்டியின் உடன்பிறந்தவன். சொந்த அண்ணன் தம்பிக்குச் சொத்தில் பங்கு உண்டு. கயிற்றைப் பிடித்திருக்கும்போது கணக்குப் பார்க்க மாட்டான் என்று என்ன நிச்சயம்? மச்சானுக்கு அந்தக் கணக்கு இல்லை. கூடப்பிறந்தவளின் கழுத்துத் தாலி ஒன்றுதான் அவன் கவலை.

"ஸ்டெல்லாவுக்குப் பெட்டிதான் கயிறு. கயிறு மச்சான் கையில இருக்கட்டும்" என்று தீர்ப்புச் சொன்னார் வில்பிரட்.

இப்படியாக, உலகத்தின் நவீன விஞ்ஞான சாதனம் ஒன்று அவர் மனைவி விக்டோரியாவின் தம்பி இஞ்ஞாசியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. இஞ்ஞாசி தோணித் தண்டல். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் பாய்மரத் தோணியின் தலைவன். காற்றைப் பார்த்து ஓட்டுகிற ஆள். ரேடியோ என்றால் அவனைப் பொறுத்தவரை பாட்டுக் கேட்கிற சாமான்.

முதல் நாளே ஸ்டெல்லா உப்புப் பாத்தியில் மூக்குக் குத்தி விழுந்தாள். வில்பிரட் கப்பலுக்குத் திரும்பிப் போனார். உடைந்ததை ஒட்டி வைக்கும் வேலை விக்டோரியாவுக்கு.

அடுத்த விடுமுறையில் அதிசயம் நடந்தது. ஸ்டெல்லா பருந்து மாதிரிப் பறந்தாள். அதற்கு அடுத்த விடுமுறையிலும் அப்படியே. வில்பிரட் இன்ஜினைக் கிளப்பிக் கையால் வீசுவார், பின்னாலேயே ஓடி, "இடது! வலது! ஏத்துலே!" என்று கட்டளை போடுவார். இஞ்ஞாசி விசையை அழுத்துவான். பாட்டரி போடுவது, பெட்டியைத் துடைப்பது, கட்டுச்சோறு கட்டுவது போன்ற சில்லறை வேலைகள் விக்டோரியாவின் பொறுப்பு. ஆபீசர் பாட்டரி போடலாமா?

1965இல் ஒரு பத்திரிகைக்காரர் படம் பிடித்துப் போட்டார். படத்துக்குக் கீழே வில்பிரட்டின் பெயர் மட்டும் இருந்தது.

"ஓட்டுனது நான். பேரு அவருக்கா?" என்றான் இஞ்ஞாசி.

"கட்டளை யாருலே போட்டா? கப்பல ஓட்டுதது கேப்டனா, சுக்கான் பிடிக்கவனா?"

"சுக்கான் பிடிக்கவன் ஒருநா லீவு போட்டாத் தெரியும், கேப்டன் எங்க போய் முட்டுதான்னு."

அதோடு முடிந்தது உறவு. அந்த வருடமே வில்பிரட் கப்பல் வேலையை விட்டுவிட்டு மில்லர்புரத்தில் வீடு கட்டி நிரந்தரமாக உட்கார்ந்தார். அதே வருடம் இரண்டாவது பெட்டியும் காணாமல் போனது. களவாண்டது இஞ்ஞாசிதான் என்று வில்பிரட் அடித்துச் சொன்னார். ஸ்டெல்லா பரண் ஏறினாள். பதினோரு வருடம் இருவருக்கும் பேச்சில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார நேர்ந்தாலும், "உன் தம்பியக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லு", "அத்தானத் தொடையை மடக்கச் சொல்லுக்கா" என்று விக்டோரியா வழியாகத்தான் தந்தி போகும்.

1976. பொழுதுபோக்குக் கழகத்தின் ஆண்டு விழாவுக்குப் பெரிய அதிகாரி வருவதாக ஏற்பாடு. ஜெயசிங் மில்லர்புரத்துக்கு ஓடிவந்தார். நாசரேத்துக்காரர், கல்லூரியில் பௌதிகம் நடத்துபவர்.

"அண்ணாச்சி, சிலம்பமும் கும்மியும் பாத்துப் பாத்து இந்த ஆபீசர்மாருக்கு அலுத்துப்போச்சு. போன வருசம் வந்தவரு தூங்கிட்டாரு. உங்க ஏரோப்பிளேன எறக்குங்க. தலைவர் பதவி வேற காலியாத்தான் கெடக்கு."

வில்பிரட்டுக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. செய்தி கடற்கரைக்குப் போனது. கடற்கரையிலிருந்து பதிலும் வந்தது: "என் கை இல்லாம அது பறந்துச்சுன்னா, நான் மீசைய எடுத்துடுதேன்."

இஞ்ஞாசியின் மீசை சாதாரண மீசை அல்ல. கொழும்புத் துறைமுகத்தில் அதற்குத் தனி மரியாதை உண்டு. வில்பிரட் கழகத்தில் பத்துப் பேர் முன்னால் எழுந்து நின்றார்.

"ஸ்டெல்லா விழுந்தா, நான் இஞ்ஞாசி வீட்டு வாசல்ல போயி நின்னு, ஓட்டுனது நீதாம்லேன்னு ஊர் கேக்கச் சொல்லுதேன். போதுமா?"

பேச்சு சுலபமாக இருந்தது. பரணிலிருந்து ஸ்டெல்லாவை இறக்கினார். இறக்கையைப் பிடித்துக் கட்டும் ரப்பர் வளையங்கள் தொட்டதும் உதிர்ந்தன. சக்கரத்து ரப்பர் பாறையாக இறுகியிருந்தது. எரிபொருள் குழாய் ஒடிந்தது. இறக்கைக்குள் கரப்பான் ஒன்று குடும்பத்தோடு குடியிருந்தது. பட்டு கிழிந்த இடத்துக்கு விக்டோரியா தன் கல்யாணப் புடவையின் ஓரத்தை வெட்டிக் கொடுத்தாள். இன்ஜின் குடிப்பது ஸ்பிரிட்டும் விளக்கெண்ணெயும் கலந்த கஷாயம். ஒரு பெரிய புட்டி விளக்கெண்ணெய் கேட்டபோது கடைக்கார மாசானம் அனுதாபத்தோடு பார்த்தார்.

"வீட்ல எத்தன பேருக்கு அண்ணாச்சி வயிறு சரியில்ல?"

காவல் நிலையத்தில் அனுமதி கேட்கப்போனால் அங்கே வேறு சந்தேகம். "பைலட்டு எங்க உக்காருவாரு?" உட்கார மாட்டார், தரையில்தான் நிற்பார் என்று வில்பிரட் விளக்கினார். "அப்ப அது ஓடிப்போயிட்டா யாரப் பிடிக்க?" என்று கேட்டுவிட்டு, வில்பிரட்டின் முகவரியைக் குறித்துக்கொண்டார் ஏட்டு.

விழாவுக்கு முந்தின வாரம் விக்டோரியா மெல்லச் சொன்னாள்: "ஒரு தடவ பழகிப் பாத்தா என்ன? பதினோரு வருசம் ஆச்சு."

"வயர்லெஸ் ஆபீசருக்கா பழக்கம் சொல்லிக் குடுக்க?"

"மேக்க இருந்து கச்சான் காத்து வேற அடிக்கு. மேடைப் பக்கமா விடாதீங்க."

"ஏளா, நீ குசினியப் பாரு."

விக்டோரியா குசினி அடுப்பைப் பார்க்கப் போனாள்.

விழா நாள் மாலை, துறைமுகச் சாலையை ஒட்டிய உப்பளத்து வெளி. இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள், நடுவில் மேடை. பெண்கள் வரிசையில் விக்டோரியா பெரிய கறுப்புக் குடைக்குள் நின்றாள். ஒரு கையில் குடை, மறு கை தோளில் தொங்கிய துணிப்பைக்குள். பைக்குள் ஜெபமாலை உருட்டுகிறாள் என்று பக்கத்து வீட்டு பிலோமிக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. "புருசன் மானத்துக்காக எப்படி செபிக்காக பாரு" என்று நாலு பேரிடம் சொன்னாள். கூட்டத்தின் கடைசியில் ஒரு லாரி மேல் இஞ்ஞாசி. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மீசையை மட்டும் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றான்.

வில்பிரட் ஏரியலை நீட்டினார். பெட்டி நேற்றைவிட இலேசாக இருப்பதுபோலத் தோன்றியது. காலையில் எடுத்த தண்டால் வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டார். விசையை அழுத்தி ஸ்டெல்லாவின் வாலை ஆட்டிப் பார்த்தார். ஒரு கணம் தாமதித்து வால் ஆடியது. பதினோரு வருடச் சோம்பல், போகப் போகச் சரியாகும்.

விரலால் விசிறியைச் சுண்டினார். மூன்றாவது சுண்டலில் நகம் போனது; நான்காவதில் இன்ஜின் உறுமியது. கையால் வீசினார். ஸ்டெல்லா ஒருமுறை தாழ்ந்து, உப்புக் குவியலைத் தடவிக்கொண்டு, கச்சான் காற்றில் ஏறினாள்.

கூட்டம் ஓவென்று கத்தியது. வில்பிரட் "வலது" என்று நினைத்தார், அழுத்தினார், அவள் வலதில் போனாள். ஒரு வட்டம். இரண்டு வட்டம். "பாத்தியாலே?" என்று லாரியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். மூன்றாவது வட்டத்தில் ஸ்டெல்லா மேடைக்கு மேலே வந்து, காற்றில் ஒரு குலுங்கு குலுங்கி, பிறகு...

இங்கேதான் நாம் நிறுத்தி வைத்திருந்தோம்.

விசிறி இருபதடியில். பதினைந்தடியில். அதிகாரியின் கையிலிருந்த மக்ரூன் உடைந்தது. ஸ்டெல்லா குலுங்கியபோதே "அய்யோ அக்கா!" என்று விக்டோரியாவின் கையைக் கட்டிப் பிடித்த பிலோமி இன்னும் பிடியை விடவில்லை. "விடுளா கைய!" என்று விக்டோரியா உதறினாள். நாற்காலிகள் சரிந்தன. வில்பிரட்டின் வியர்த்த கையிலிருந்து பெட்டி நழுவி, அவர் காலடியில், உப்புச் சேற்றில் சப்பென்று விழுந்தது.

முடிந்தது. இஞ்ஞாசி வீட்டு வாசல் அவர் கண்ணுக்குள் வந்து நின்றது.

அப்போது ஸ்டெல்லா மூக்கை நிமிர்த்தினாள்.

மேடைப் பந்தலின் தோரணத்தை உரசிக்கொண்டு ஜிவ்வென்று மேலே ஏறினாள். இடது பக்கம் அழகாகச் சாய்ந்து, கடல் பக்கம் ஒரு பெரிய வளைவு எடுத்தாள். பெட்டி சேற்றில் கிடக்கிறது. வில்பிரட்டின் இரண்டு கையும் வெறுங்கை. ஸ்டெல்லா வானத்தில் ஒரு குட்டிக்கரணம் போட்டாள்.

யாரும் கவனிக்கவில்லை. பாதிப் பேர் வானத்தைப் பார்த்தார்கள், மீதிப் பேர் மேசைக்கு அடியில் இருந்தார்கள். வில்பிரட் குனிந்து பெட்டியை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டார். அதன்பிறகு அவர் செய்ததுதான் அன்றைய உண்மையான சாகசம். ஸ்டெல்லா இடதில் திரும்பியதும் இவர் அவசரமாக இடது விசையை அழுத்துவார். அவள் ஏறினால் இவரும் முகத்தை நிமிர்த்திப் பல்லைக் கடிப்பார். அவள் மறுபடி குட்டிக்கரணம் போட்டபோது முழங்காலை மடக்கி நிமிர்ந்தார். எஜமானைத் தொடர்ந்து ஓடுகிற நாய்க்குட்டி மாதிரி, விமானத்தின் பின்னாலேயே அவர் கட்டைவிரல் ஓடியது.

கடைசியில் ஸ்டெல்லா காற்றுக்கு எதிராகத் தாழ்ந்து, பூனை மாதிரி தரையைத் தொட்டு, உருண்டு வந்து அதிகாரியின் பூட்ஸ் முன்னால் நின்றாள்.

வில்பிரட்டின் கழுத்தில் மாலை விழுந்தது. "இந்த நிமிடம் முதல் நம் கழகத் தலைவர்!" என்று அறிவித்தார் ஜெயசிங், தலைமுடியில் ஒட்டியிருந்த மக்ரூன் தூளோடு. அதிகாரி எழுந்தார். "நண்பர் வில்பிரட்டின் கை நிதானம் நாட்டுக்கே பாடம்" என்று தொடங்கி, கட்டுப்பாடு, உழைப்பு, உப்பு உற்பத்தி என்று போய்க்கொண்டே இருந்தார். அவர் பேசி முடிப்பதற்குள் ஒருவன் பஸ் நிலையம் வரை போய்ச் சவரம் செய்துகொண்டு திரும்பிவிடலாம்.

வில்பிரட்டுக்கு ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது. இந்தப் பெட்டி ஓட்டவில்லை என்றால் ஓட்டியது அந்தப் பெட்டி. காணாமல் போன பெட்டி. முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டி நின்றானே, சும்மாவா நின்றான்? நாளைக் காலையில் கடற்கரை டீக்கடையில் எல்லாவற்றையும் சொல்லிச் சிரிப்பான். கழுத்தில் மாலை கனத்தது. மனசாட்சி பாதி, பயம் பாதி. அவன் சொல்வதற்கு முன்னால் நாமே போய்ச் சொல்லிவிடுவதுதான் மரியாதை.

அதிகாரியின் கார் புறப்பட்டது, கூட்டம் கலைந்தது. பந்தலுக்குப் பக்கத்தில் விக்டோரியா மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வெயில் சாய்ந்துவிட்டது, குடையை இன்னும் மடக்கவில்லை. லாரிப் பக்கமிருந்து யாரோ ஒருவன் வந்தான். மழுமழுவென்று மொட்டை உதடு. பேசும்வரை வில்பிரட்டுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை.

"அத்தான்" என்றான் அவன்.

"ஏலே... இஞ்ஞாசியா? எங்கலே மீச?"

"சொன்னா சொன்னதுதான் அத்தான். பஸ் ஸ்டாண்டுல குடுத்துட்டு வந்துட்டேன். ஓட்டுனது நீங்கதான். ஒத்துக்கிடுதேன்."

வில்பிரட் மாலையைக் கழற்றினார். "கேலி பண்ணாத மச்சான். ஓட்டுனது நீ. பெட்டி கீழ விழுந்ததுக்குப் பெறவும் அது பறந்துச்சு. நீ களவாண்ட பெட்டிய வச்சு லாரி மேல நின்னு ஓட்டுன. ஊரக் கூப்பிடு, சத்தமாச் சொல்லுதேன்."

"களவாண்டனா! சத்தியமா என்கிட்ட எந்தப் பெட்டியும் இல்ல. பயத்துல கையப் பின்னால கோத்துக்கிட்டு நின்னேன், நடுக்கம் தெரியக்கூடாதுன்னு." இஞ்ஞாசி இல்லாத மீசையைத் தடவினான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு சொல்லட்டா? அந்தக் காலத்துலயே எனக்கு ஒரு சந்தேகம். நான் இடது அமுக்குனா சில நேரம் அது வலதுக்குப் போவும். நீங்க கத்துத கத்துலதான் போவுதுன்னு நெனச்சுக்கிடுவேன்."

"நான் வலதுன்னு கத்துனா அது சில நேரம் இடதுக்குப் போவும்" என்றார் வில்பிரட் மெதுவாக. "நீ சொல்பேச்சு கேக்காம அமுக்குதன்னு நெனச்சேன்."

இருவரும் ஸ்டெல்லாவைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"பேசி முடிச்சாச்சா?" என்றாள் விக்டோரியா. "பனி விழும் முன்ன வீடு போய்ச் சேரணும்."

குடையை மடக்கினாள். துணி மடங்கியது. ஆனால் குடைக்கம்பியோடு சேர்ந்து நின்ற இன்னொரு கம்பி மட்டும் பளபளவென்று நேராக நின்றது. அது குடையின் கம்பி அல்ல. அதன் அடிப்பகுதி துணிப்பைக்குள் போயிருந்தது. விக்டோரியா பையிலிருந்து இரண்டாவது பெட்டியை எடுத்து, ஏரியலை ஒவ்வொரு கணுவாக உள்ளே தள்ளினாள்.

"அக்கா!" என்றான் இஞ்ஞாசி.

"பத்து மாசம் இவுக கப்பல்ல. நான் என்ன செய்ய? ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சா உப்பளத்துல ஒரு குஞ்சு இருக்காது. ஒட்டுப்போட்ட ஏரோப்பிளேனு சும்மாத்தான கெடந்துச்சு? இவுக வந்து வீட்டோட உக்காந்த பெறவுதான் எனக்கும் பறக்கவிடுதது நின்னுபோச்சு. பெட்டிய அரிசிப் பானைக்குள்ள வச்சேன். இவுக தேடாத ஒரே இடம் குசினிதான்." விரல்களை நீவிக்கொண்டாள். "பதினோரு வருசத்துல கை கொஞ்சம் மரத்துத்தான் போச்சு. ஆனா மேடைப் பக்கம் போனதுக்கு நான் காரணமில்ல, பிலோமிதான். கச்சான் காத்துல தள்ளாடுத நேரம் பாத்து என் கையப் பிடிச்சு உலுக்கிட்டா."

"கயித்த மச்சான்லா பிடிக்கணும், அக்கா?" இஞ்ஞாசிக்கு அது ஒன்றுதான் கேட்கத் தோன்றியது.

"மச்சான் எதுக்காம்? அக்கா தாலிக்காகத்தான? தாலி என் கழுத்துல கெடக்கு. கயித்த நானே பிடிச்சா அறுந்தா போவும்?"

வில்பிரட்டுக்கு இப்போதுதான் வயர்லெஸ் படிப்பு ஞாபகம் வந்தது.

"ஏளா, நில்லு. ரெண்டு பெட்டியும் ஒரே நேரத்துல வேல செஞ்சா ஏரோப்பிளேனு குழம்பி விழுந்துரும். என் கையில ஒண்ணு இருந்துச்சு. அந்தக் காலத்துல இவன் கையில ஒண்ணு இருந்துச்சு. அப்ப எப்படி?"

விக்டோரியா பைக்குள் மறுபடி கைவிட்டு, ஒவ்வொன்றாக நாலு பாட்டரியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இன்னைக்குக் காலையில எடுத்தது. போட்டுப் பாருங்க, கனம் சரியா இருக்கும்."

வில்பிரட் சேறு அப்பிய தன் பெட்டியைத் திருப்பி மூடியைக் கழற்றினார். உள்ளே வெறுமையாக இருந்தது.

"அப்ப... முன்னாடி?"

"முத நாளு நீங்க ரெண்டு பேரும் சேந்து பாத்தியில குத்தினீங்கள்ல, அதான் ஸ்டெல்லா பறக்கையில உங்க பெட்டியில பாட்டரி கெடந்த கடைசி நாளு" என்றாள் விக்டோரியா.